கரையாத மண்ணாங்கட்டி எங்கே?

மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்கழிக் கடைசி நாள். திருப்பூரிலிருந்து என் தம்பி குடும்பத்தோடு பொங்கல் நோம்பிக்கு வந்திருந்தான். காரிலிருந்து இறங்கும்போதே தம்பி மகள் கையில் ஒரு கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்ட காப்புக்கட்டு. "அத்தை, இருவது ரூவா. உங்களுக்கும் சேத்து வாங்கிட்டு வந்தோம்" என்று பெருமையாக நீட்டினாள். அவள் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் எங்கள் வேலியோரம் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. அதன் காலடியில் பூளைச்செடி வெள்ளை வெள்ளையாக நிற்கிறது. பிள்ளைக்கு அது தெரியவில்லை. தம்பிக்குத் தெரியும். நானும் அவனும் சின்ன வயதில் இதே வேலியில் காப்புக்குப் பறித்தவர்கள்தான். அவன் ஒன்றும் சொல்லாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காசு கொடுத்து வாங்கியது தப்பு என்று சொல்ல வரவில்லை. விற்கிறவரும் எங்கோ வெயிலில் நின்று பறித்தவர்தானே. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்களுக்கு 6 ஏக்கர். கிணற்றுப் பாசனத்தில் 2 ஏக்கர் தோட்டம், 2 ஏக்கர் மேட்டாங்காடு, 2 ஏக்கர் கொறங்காடு. உரமும் மருந்தும் இல்லாமல் அப்போதே 6 வருஷம் ஓடியிருந்தது. இவ்வளவு பாடுபட்டு இதைக் காப்பாற்றி, பூளைப்பூவைக் கடையில் வாங்குகிற பிள்ளைகள் கையிலா கொடுக்கப் போகிறோம் என்று ஒரு நினைப்பு.

எங்கள் பக்கம் பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. பெண்களும் பிள்ளைகளும் பலகாரம் கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய், ஆவாரம்பூ பறித்து, ஆடிப்பாடிவிட்டுப் பொழுதோட வீடு திரும்புவோம். இப்போது பல ஊர்களில் அது பேருக்கு நடக்கிறது, சில ஊர்களில் நின்றே போய்விட்டது. அந்த நாளில் இந்தப் பிள்ளைகளைத் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டால் என்ன என்று தோன்றியது. தம்பி மகன்தான் வழி சொன்னான். "எங்க அபார்ட்மெண்ட்ல ஸ்கேவெஞ்சர் ஹண்ட் வெப்பாங்க அத்தை. ஒரு லிஸ்ட் குடுப்பாங்க. அதுல இருக்கறதெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கணும். யார் நெறையக் கொண்டு வர்றாங்களோ அவங்களுக்குப் பரிசு."

சரி, நம்ம தோட்டத்தில் இல்லாததா என்று திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். மயிலிறகு, பத்துப் பூச்சி, ஐந்து வகைப் பூ, ஐந்து வகை விதை, ஒரு குருவிக்கூடு. சொந்தக்காரப் பிள்ளைகளும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளுமாகப் பதினாலு பேர். கையில் ஆளுக்கொரு பையும் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்து, "போங்க, நெறையக் கொண்டு வர்றவங்களுக்குப் பரிசு" என்று விட்டேன்.

ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். வேலியோர ஆவாரையில் பாதிக் கிளை முறிந்திருந்தது. மயிலிறகு ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை. மயில் தோகையை உதிர்ப்பது மழைக்காலத்தை ஒட்டி; தையில் எங்கே போய்த் தேடுவது? வருஷம் முழுக்க மயிலோடு சண்டை போடுகிற எனக்கே அது ஞாபகத்துக்கு வரவில்லை. நாலாவது படிக்கிற பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து டப்பாவைக் காட்டினான். "பெரிம்மா, எனக்குத்தான் பூச்சி நெறைய!" உள்ளே அவரைப் பந்தலில் இருந்து வழித்துப் போட்ட கறுப்புப் புழுக்கள். அத்தனையும் பொறிவண்டுக் குஞ்சு.

பொறிவண்டு என்றால் சிவப்பாக, உருண்டையாக, கறுப்புப் புள்ளியோடு இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதன் குஞ்சு அப்படி இருக்காது. நீளமாக, கறுப்பில் ஆரஞ்சுத் திட்டோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். அதைப் பயிரைத் தின்கிற புழு என்று நினைத்து நசுக்குகிற பெரியவர்களே நம்மில் எத்தனை பேர்! பனி இறங்குகிற மாசத்தில் அவரையில் அசுவினி அப்பிக்கொள்ளும். நமக்காக அதைத் தின்ன வந்த கூலியில்லாத ஆட்களைத்தான் பையன் டப்பாவில் அள்ளிவிட்டான். இன்னொருத்தி குச்சியோடு ஒடித்து வந்தது, நுரை காய்ந்து கெட்டியான மாதிரி இருந்த கும்பிடு பூச்சியின் முட்டைக்கூடு. ஒரு கூட்டில் எத்தனையோ குஞ்சு வெளியே வரும்.

அந்த வருஷம் எங்கள் அவரை கொஞ்சம் அடி வாங்கியது. இதனால்தான் என்று சொல்லமாட்டேன், பனியும் அதிகம். ஆனால் பிள்ளைகள் மேல் ஒரு தப்பும் இல்லை. "பத்துப் பூச்சி", "நெறைய" என்று எழுதிக் கொடுத்தது நான்தானே. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஒரு மாசத்துக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மருந்து அடிச்சிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமாப் போயிருக்காது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் பட்டியலைத் திண்ணையில் எழுதவில்லை. டிசம்பர் 30 நம்மாழ்வார் ஐயா நினைவு நாள் கூட்டத்துக்குப் போய்வந்த மறுநாளில் இருந்தே, காலையில் பால் கறந்ததும் அரைமணி நேரம் தோட்டத்தைச் சுற்றி நடந்தேன். அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதை மட்டும் நோட்டில் குறித்தேன். நடந்து பார்த்தால்தான் தெரிகிறது, நம்ம நிலத்தையே நாம் பார்ப்பதில்லை. களை இருக்கிறதா, தண்ணீர் பாய்ந்ததா, காய் முற்றியதா என்றுதான் பார்க்கிறோம். மோட்டார் ரூம் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீ கூடு வைத்து, பென்சில் கனத்துக்கு மெழுகில் ஒரு குழல் செய்து வாசல் வைத்திருந்தது. தினம் இரண்டு தடவை அந்தச் சுவரைத் தொட்டுத்தான் மோட்டார் போடுகிறேன், ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை. அது கொட்டாது. பிள்ளைகளைப் பக்கத்தில் போய்ப் பார்க்க விடலாம்.

அந்த நடையிலேயே எடுக்கக்கூடாத பட்டியல் ஒன்றும் தயாரானது. இதை நீங்களும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கு முன்னால் இதுதான் முக்கியம்.

எங்கள் வேலி கிளுவை. அதன் மேல் கோவை, பிரண்டையோடு குண்டுமணிக் கொடியும் ஏறிக் கிடக்கிறது. தையில் காய் வெடித்து, சிவப்பும் கறுப்புமாக விதை தெரியும். பிள்ளை கண்ணுக்கு அதைவிட அழகானது எதுவும் இல்லை. கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். காட்டாமணக்குப் பருப்பு ருசியாக வேறு இருக்கும், கடலை மாதிரி தின்றுவிட்டு வாந்தியும் பேதியுமாகக் கிடப்பார்கள். ஊமத்தங்காய், அரளிக்காய் சொல்லவே வேண்டாம். இதில் எதையாவது ஒரு பிள்ளை வாயில் போட்டது தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். என்ன தின்றது என்பதற்கு அந்தக் காயையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் விளையாட்டுக்கு முதல் நாள் பாதையோரம் இருந்த குண்டுமணிக் காய்களைப் பறித்து எடுத்துவிட்டேன். மிச்சத்தைப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டி, "இது விஷம், தொடக்கூடாது" என்று பேர் சொல்லித் தெரியவைத்தேன். ஒளித்து வைப்பதைவிடக் காட்டிச் சொல்வது மேல்.

அப்புறம் கிணறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் உங்களுக்குத் தெரியும், பலதுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. கிணற்றைச் சுற்றிக் கயிறு கட்டி, ஒரு பெரிய ஆளையும் கட்டில் போட்டு உட்கார வைத்தேன். கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். கல்லைப் புரட்டு, பொந்தில் கை விடு, விறகுக் குவியலில் தேடு என்கிற மாதிரி எந்தக் குறிப்பும் எழுதக்கூடாது; தேளும் விரியனும் அங்கேதான் இருக்கும். கன்று போட்ட மாட்டைத் தனியாகக் கட்டிவிட வேண்டும். வெள்வேல மரத்து முள் கிடக்கும், செருப்பில்லாமல் ஒருத்தரும் இறங்கக்கூடாது. பக்கத்துக் காட்டில் மருந்து அடித்திருக்கிறார்களா என்று முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அடித்திருந்தால் அந்த வரப்பை விளையாட்டிலிருந்தே நீக்கிவிடுங்கள்.

மருந்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இடத்தைச் சுத்தம் பண்ணும்போது மோட்டார் ரூம் பரணில் ஒரு பாட்டில் கிடைத்தது. மஞ்சள் முக்கோணம் போட்டது. அடியில் இரண்டு விரல் அளவு மருந்து இன்னும் இருக்கிறது. சிவப்பு முக்கோணத்துக்கு அடுத்த விஷம் மஞ்சள். எங்கள் பழைய பாட்டில்தான். "ஏழு வருஷமா மருந்து தொடாத தோட்டம்" என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய, அது என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது. பிள்ளை கையில் கிடைத்திருந்தால்? இப்போது அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். கிணற்றில் ஊற்ற முடியாது, மண்ணில் புதைக்க முடியாது. உங்கள் பரண்களையும் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

இனி விளையாட்டு. பட்டியலை இரண்டாகப் பிரித்தேன். "பார்த்துட்டு வா" ஒன்று, "கீழ விழுந்ததை எடுத்துட்டு வா" ஒன்று. செடியிலிருந்து எதையும் பறிக்கக்கூடாது, காப்புக்கு ஆவாரம்பூ ஒரே ஒரு கொத்து தவிர. உயிர் உள்ளதை டப்பாவில் போடக்கூடாது. டப்பாவே கொடுக்கவில்லை. செல்போனையெல்லாம் வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, குழுவுக்கு ஒன்று மட்டும் கொடுத்தேன். பார்த்ததைப் படம் பிடித்து வந்தால் போதும். மூன்று நாலு பேராக நாலு குழு. டவுன் பிள்ளை, ஊர்ப் பிள்ளை, பெரியது, சிறியது கலந்து பிரிக்க வேண்டும். அவர்கள் இஷ்டத்துக்கு விட்டால் திருப்பூர்ப் பிள்ளைகள் ஒரு பக்கம், நம்ம பிள்ளைகள் ஒரு பக்கம் என்று ஆகிவிடும்.

குறிப்புகளை விடுகதையாகப் போட்டால் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பெரிய கவிதையெல்லாம் வேண்டாம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"உழுவான், மாடு இல்லை. எருப் போடுவான், வண்டி இல்லை. அவன் விட்டுப்போன குப்பை எங்கே?" (மண்புழு எச்சம்.)

"எந்நேரமும் கும்பிடுவான், கோயிலுக்குப் போகமாட்டான். அவன் பிள்ளைகள் தூங்கும் நுரை வீட்டைப் பார்த்து வா."

"முடி மேல் முட்டை. இலைக்கு அடியில் பார்." (பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி. ஒவ்வொரு முட்டையையும் தலைமுடி மாதிரி ஒரு காம்பின் நுனியில் நிறுத்தி வைக்கும். அதன் குஞ்சும் அசுவினி தின்னும்.)

"பால் மரத்தில் பந்தயக்காரன், கறுப்பு வெள்ளை மஞ்சள் சட்டைக்காரன்." (எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது, அதனால் தொடாமல் பார்க்க மட்டும்.)

கீழே விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு, ஐந்து விதமான விதை, பட்டியில் விழுந்த ஆட்டு முடி, இப்படி எடுத்து வருகிறவை சில. நடுவில் ஒரு இடத்தில் கண்ணைக் கட்டி மோந்து பார்க்கிற குறிப்பு: வேப்பம்புண்ணாக்கு, மஞ்சள் இலை, பஞ்சகவ்யா. நம்ம கொடுமுடி டாக்டர் நடராஜன் பயிருக்குக் கொண்டுவந்த பஞ்சகவ்யாவை மோந்து, தம்பி மகள் "அத்தை, பஞ்சாமிர்தம் கெட்டுப் போச்சா?" என்று கேட்டாள். பாதி சரிதான், வாழைப்பழமும் வெல்லமும் போட்டுத்தானே புளிக்க வைக்கிறோம்.

பன்னிரண்டு குறிப்பு, ஒன்றரை மணி நேரம், காலை 7 மணிக்குத் தொடங்கி 8.30க்கு முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் வெயிலும் பசியும் வந்துவிடும், குழுவுக்குள் சண்டையும் வந்துவிடும். பரிசு எல்லோருக்கும் ஒன்றுதான், கடலை உருண்டையும் ஒரு பொட்டலம் நாட்டு அவரை விதையும்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கடைசிக் குறிப்பு வரைக்கும்.

கடைசிக் குறிப்பு: "தண்ணீரில் போட்டாலும் கரையாத மண்ணாங்கட்டி எங்கே?" இது மண் வளத்தைப் பார்க்கிற எளிய சோதனை. காய்ந்த மண்கட்டியைக் கோலிகுண்டு அளவுக்கு எடுத்து, டீ வடிகட்டியில் வைத்து, தண்ணீர் டம்ளரில் முங்க விட வேண்டும். ஈரக் கட்டியை வைத்தால் சரியாகத் தெரியாது. இரண்டு நாள் நிழலில் உலர்ந்திருக்க வேண்டும். சத்தான மண்ணில் சல்லி வேர், பூஞ்சை இழை, மண்புழுவின் பசை எல்லாம் சேர்ந்து மண்ணைக் கட்டி வைத்திருக்கும். தண்ணீர் உள்ளே போனாலும் கட்டி நிற்கும். மக்கு இல்லாத மண்ணில் தண்ணீர் நுழைந்த வேகத்தில் காற்று வெளியே முட்டி, கட்டி பொலபொலவென்று உடைந்து இறங்கிவிடும். மழை பெய்யும்போது காட்டிலும் இதேதான் நடக்கிறது. கரைந்த நைசு மண் துவாரங்களை அடைத்து, மேலே ஏடு கட்டி, தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிப் போகிறது. போட்ட விதை அந்த ஏட்டை முட்டி வர முடியாமல் உள்ளேயே செத்துப் போகிறது.

முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு இடத்துக் கட்டியைக் கொண்டுவந்து உலர வைத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பையன், அந்தப் பொறிவண்டுக்காரன்தான், அவன் அப்பாவின் மக்காச்சோளக் காட்டுக் கட்டியைக் கொண்டு வந்திருந்தான். அவன் அப்பா எங்கள் வீட்டுக்காரருக்குப் பங்காளி, தம்பி முறை. இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான்.

டம்ளர்களை வரிசையாக வைத்தோம். எங்கள் தோட்டத்து வாழையடிக் கட்டி நின்றது. எங்கள் கொறங்காட்டுக் கட்டி அசையவே இல்லை. பையன் வைத்த கட்டி அரை நிமிஷத்தில் கரைந்து, டம்ளர் கலங்கிப் போனது. பெரிய பையன் ஒருவன், "டேய், உங்க காடு டீத்தூளாட்டக் கரையுதுடா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ, இயற்கை விவசாயத்தை எடுத்துச் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா என்று தோன்றியது. "பாத்தீங்களா, உப்பு உரம் போட்டுப் போட்டு மண்ணு இப்படி ஆயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். பையன் கடலை உருண்டையை வாங்காமல் வேலித் தடத்தில் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டான்.

பொழுதோட அவன் அப்பா வந்தார். திண்ணையில் உட்காரவில்லை. "ஏனுங்கண்ணி, எங்க காடு கெட்டுப் போச்சுன்னு சின்னப் பசங்களைக் கூட்டி வெச்சுத்தான் சொல்லோணுமா? எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டனா?" குரலைக் கூட உயர்த்தவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. எங்கள் வீட்டுக்காரர் ஏதோ சமாதானம் சொல்லப் போனார். அவர், "பையன் சோறு திங்கலீங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் நாலு மாசம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சு இல்லை. எங்கள் மோட்டார் கெட்டால் முதலில் ஓடி வருகிற ஆள் அவர்.

வைகாசியில் ஒருநாள், கோடை உழவுக்கு முன்னால், மேட்டாங்காட்டில் ரோட்டோரத்து ஒரு ஏக்கரிலிருந்து நானே ஒரு கட்டி எடுத்து வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து டம்ளரில் போட்டேன். அதுவும் கரைந்துவிட்டது. அரை நிமிஷம் இல்லை, ஒரு நிமிஷம், அவ்வளவுதான் வித்தியாசம். ஏழு வருஷமாக அதில் ஒரு பிடி உரம் போட்டதில்லை, மருந்து அடித்ததில்லை. ஆனால் வருஷத்துக்கு இரண்டு தடவை ரொட்டவேட்டர் விட்டு மாவு மாதிரி அடித்திருக்கிறோம். சோளத்தட்டை அறுத்து மாட்டுக்குக் கொண்டு வந்துவிடுகிறோம். சாணி எருவெல்லாம் தோட்டத்துக்கே போய்விடுகிறது. மேட்டாங்காட்டுக்கு எடுத்ததுதான் உண்டு, கொடுத்தது இல்லை. உரத்தை நிறுத்தினால் மட்டும் மண் தானாகக் கட்டிக்கொள்ளுமா? பிள்ளைகள் முன்னால் நான் சொன்னது பாதிதான்.

அந்த டம்ளரை அப்படியே மூடி எடுத்துக்கொண்டு வேலித் தடத்தில் நடந்து போனேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "இது எங்க ரோட்டுக்காடு" என்று வைத்தேன். எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. "ரொட்டவேட்டர் ஓட்டறதுங்கண்ணி" என்றார். எனக்கு யோசித்துப் புரிந்ததை அவர் பார்த்த உடனே சொல்லிவிட்டார். அப்புறம் காப்பி வந்தது.

போன தையில் மூன்றாவது தடவை. மண்ணாங்கட்டிக் குறிப்பை எடுத்துவிடலாமா என்று இருந்தேன். எடுக்கவில்லை, மாற்றினேன். டம்ளர் மேல் யார் காடு என்று பேர் எழுதக்கூடாது, எண் மட்டும். கரைகிற கட்டி எங்கே கிடைக்கும், கரையாத கட்டி எங்கே கிடைக்கும் என்று எல்லாக் குழுவும் இரண்டையும் எங்கள் நிலத்துக்குள்ளேயே தேட வேண்டும். ரோட்டோரத்துக் காட்டை நானே முதலில் காட்டிவிட்டேன். பிள்ளைகள் ஆச்சரியமானவர்கள். மாட்டுவண்டித் தடத்தில் ஒரு கட்டி, வேலியடியில் ஒன்று, வேப்பமரத்து நிழலில் ஒன்று என்று கிளம்பி, ஒரே காட்டுக்குள் பத்து விதமான மண் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வேலியோரத்து மண் கரையவில்லை, அதிலிருந்து பத்தடி தள்ளி உழுத மண் கரைந்தது. "ஏன் பெரிம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். "நீயே போய் ரெண்டு எடத்துலயும் குனிஞ்சு பாரு" என்று அனுப்பினேன். "அங்க பூரா வேரு பெரிம்மா" என்று வந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துப் பையன் அன்றைக்கு வரவில்லை. பாட்டி ஊருக்குப் போயிருந்தான் என்றார்கள். இருக்கலாம்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனாகவே வந்தான். கால்சட்டைப் பையில் எதையோ பிடித்துக்கொண்டு நின்றான். "பெரிம்மா, டம்ளர் குடுங்க." கொடுத்தேன். வடிகட்டியையும் கேட்டான். பையிலிருந்து இரண்டு மண்கட்டியை எடுத்துத் தண்ணீரில் வைத்தான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "எங்க கொறங்காடு" என்றான்.

அவர்களுடையது 3 ஏக்கர் கொறங்காடு. தாத்தா காலத்திலிருந்து ஏர் படாத மண். கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், சுற்றிக் கிளுவை வேலி. டம்ளரை அவன் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்றான், தளும்பாமல் இருக்க ஒரு தட்டும் கொடுத்தேன். மறுநாள் காலை பள்ளிக்கூடம் போகும்போது வேலியோரம் நின்று, "இன்னும் அப்படியேதான் இருக்கு பெரிம்மா" என்று கத்திவிட்டுப் போனான்.

அந்தக் கொறங்காட்டைச் சோலார் கம்பெனிக்குக் குத்தகை விடலாம் என்று அவன் அப்பா போன வருஷத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறார். விட்டால் வேலியைப் பிடுங்கி, மரத்தை எடுத்து, புல்லைச் செதுக்கித்தான் பேனல் நிறுத்துவார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆடு மேய்க்க ஆள் இல்லை, பெரிய பெண் காலேஜ் போகிறாள், வருஷா வருஷம் கையில் பணம் வரும் என்கிறார்கள். கொறங்காட்டுப் புல்லுக்கு யார் வருஷப் பணம் கொடுக்கிறார்கள்? நானும் எங்கள் வீட்டுக்காரரும் அவருடைய ஆடுகளையும் எங்கள் ஆடுகளோடு சேர்த்து மேய்த்துக்கொள்ளலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு ஆளுக்குக் கூலி கொடுத்து இரண்டு வீடும் பங்கு போட்டால் கட்டுப்படியாகும் போல்தான் தெரிகிறது. அவர் காதில் இன்னும் போடவில்லை.

வருகிற தையில் நாலாவது தடவை. இந்த வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருக்கிறேன். கொசுத்தேனீ அதே பொந்தில் இருக்கிறது. ரோட்டோரத்துக் காட்டில் இந்த வருஷம் ரொட்டவேட்டர் விடவில்லை. கொள்ளு விதைத்திருக்கிறோம், தட்டையைக் காட்டிலேயே விட்டோம். கட்டி இன்னும் கரையத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. தம்பி மகள் போனில், "அத்தை, காப்புக்கட்டு வாங்க வேண்டாம், நான் வந்து பறிச்சுக்கறேன், பூளாப்பூ எனக்கு வெச்சிருங்க" என்றாள்.

முந்தாநாள் பக்கத்துத் தோட்டத்துப் பையன் ஒரு தாளில் ஒரு குறிப்பு எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் எழுதிய விடுகதை. விடை அவர்கள் கொறங்காட்டுக்குள் இருக்கிறதாம், எனக்கே சொல்லமாட்டானாம். அப்படியென்றால் நோம்பி அன்றைக்குப் பதினாலு பிள்ளைகளை அந்த வேலிக்குள் விட வேண்டும். நேற்று அவன் அப்பாவிடம் கேட்டேன். "படலைத் தெறந்து வெக்கறீங்களா?" அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "முள்ளு கெடக்குதுங்கண்ணி, பசங்களைச் செருப்புப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றார்.